நார்மல் ரத்தம்

அந்தத் துண்டை இப்படிக் கொடுத்துட்டு உட்காருங்க தம்பி. சீட்டுப் பிடிக்கப் போட்டது இல்ல, என் பேத்தியோடது. நீந்தி முடிச்சு மேல வந்ததும் நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும், வேற யார் நீட்டினாலும் வாங்க மாட்டா. கீழ தண்ணிப் பக்கம் போனா மட்டும் செருப்பைக் கழட்டிட்டுப் போங்க. காலையில அந்த வாட்ச்மேன் என்னைப் பிடிச்சு ஒரு ஏத்து ஏத்திட்டான். எனக்குக் கோபம் வரலை. ரூல்னா ரூல்தான. எங்க லேப்லயும் நான் அப்படித்தான் வச்சிருந்தேன்.

உங்க பையனா? எத்தனையாவது ரேஸ்? அப்ப நேரம் கிடக்கு. என் பேத்திக்கு இன்னும் ரெண்டு ரேஸ் போகணும். அந்தா, மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு கையைச் சுத்திச் சுத்தி உதறுறா பாருங்க, அவதான். இலக்கியா. ஒன்பதாவது படிக்கிறா. மாவட்டத்துல ஜெயிச்சாச்சு. இன்னிக்கு மொத மூணு பேருக்குள்ள வந்தா ஸ்டேட்டுக்குப் போயிருவா. எங்க அண்ணனுக்கு அப்புறம் எங்க வீட்டுல தண்ணிக்குள்ள இறங்குன ஆளு இவ ஒருத்திதான்.

இருங்க, போன். இல்ல, எடுக்க மாட்டேன். என் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தி, செண்பகவல்லின்னு பேரு. காலையில இருந்து விடாம அடிக்கா. சைலன்ட்ல போட்டுடறேன். சோறு போட்ட கையைக் கடிக்கிற ஆளுங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. நான் நேர்லயே பாத்தவன்.

நான் ஜெனிடிக்ஸ் புரொபசர் தம்பி. ரிட்டயர் ஆயாச்சு. இதய நோய் பரம்பரையா எப்படி வருது, அப்பனுக்கு இருந்தது பிள்ளைக்கு எப்படி இறங்குதுன்னு பாக்கிறது. முப்பது வருஷம் அது ஒண்ணுதான் எனக்கு. நீங்க நினைக்கிற கொழுப்பு, அடைப்பு, அது இல்ல. அது வயசாளிக்கு வர்றது. நான் பாத்தது வேற. ஓடியாடிக்கிட்டிருக்கிற பிள்ளை பொத்துன்னு விழுந்து செத்துப்போகும். அறுத்துப் பாத்தா இதயம் சுத்தமா இருக்கும், ஒரு கீறல் இருக்காது.

எளிமையாச் சொல்றேன். இதயத்துல ஒரு கரண்ட் ஓடுது. ஒரு துடிப்பு முடிஞ்சதும் திரும்ப சார்ஜ் ஏறணும், உங்க போன் மாதிரி. சில குடும்பத்துல பிறவியிலேயே அந்த சார்ஜ் ஏற ஒரு நூல் லேட்டாகும். சும்மா உட்கார்ந்திருந்தா ஒண்ணும் தெரியாது. வேகமா ஓடுனா, அதுலயும் தண்ணிக்குள்ள குதிச்சு மூச்சைப் பிடிச்சு நீந்துனா, சார்ஜ் ஏறி முடியறதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்து இடிச்சிடும். தாளம் தப்பிடும். கரையில நிக்கிறவங்க பிள்ளை முழுகிட்டான்னு நினைப்பாங்க. முழுகுறது அப்புறம் தம்பி. இதயம் நிக்கிறது முன்னாடி.

ஏன் முகம் ஒரு மாதிரி ஆகுது? உங்க பையனுக்கு அதெல்லாம் இருக்காது. ரொம்ப அபூர்வம் அது. எல்லாக் குடும்பத்துலயும் வராது.

எனக்கு இதுல எப்படிப் புத்தி போச்சுன்னா, எங்க அண்ணன் வேலாயுதம். அவனை அடிச்சுக்க எங்க ஊர்ல நீச்சல்ல ஆள் கிடையாது. மோட்டார் ரூம் மேல ஏறி நின்னு கிணத்துக்குள்ள குதிப்பான். ஒரு நாள் குதிச்சான், ஒரு தடவை மேல வந்து எங்களைப் பாத்துச் சிரிச்சான், உள்ள போனான். வரலை. கிணத்துக்குள்ள இருக்கிறது காலைப் பிடிச்சு இழுத்துட்டுன்னு ஊர் பூராம் பேச்சு. நான் சின்னப் பையன். அன்னிக்கே நினைச்சேன், இந்த மூடநம்பிக்கையை ஒழிக்கிற படிப்பாத்தான் படிக்கணும்னு. அண்ணனுக்குக் கால் நரம்பு இழுத்திருக்கும், வேற என்ன. அதுக்கப்புறம் அம்மா என்னை வாய்க்கால் பக்கம்கூட விடலை. இன்னி வரைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது. ஸ்கூல்ல ஒரு தடவை ஓட்டப் பந்தயத்துல இறக்கி விட்டாங்க, பாதியில மயங்கி விழுந்துட்டேன். பசி மயக்கம். அந்தக் காலத்துல யார் விழலை? அதோட ஓட்டத்தையும் விட்டாச்சு. புத்தகம்தான் எனக்கு.

கல்யாணம் ஆகி, என் மக கோமதிக்குக் காதுகுத்து வச்சப்ப, எங்க குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போகணும்னு வீட்டம்மா ஒத்தைக் கால்ல நின்னா. எங்க பக்கம் பங்குனி உத்திரத்துக்கு அவங்கவங்க சாஸ்தாவைத் தேடிப் போயிருவாங்க. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. அவளுக்காகப் போனேன். சாஸ்தாவுக்குப் பின்னால மருத மரத்தடியில ஒரு சின்னப் பீடம் உண்டு. கிணத்தடியான்னு பேரு. எந்தக் காலத்துலயோ தண்ணியில போன ஒரு பையன். அற்பாயுசுல போனவங்களைச் சாமியாக்கிக் கும்பிடுறது எங்க பக்கத்து வழக்கம். அவனுக்குப் பொங்கல் கிடையாது, தேங்கா பழம் கிடையாது. தண்ணி படாத புதுத் துண்டு ஒண்ணை மடிச்சு வச்சுட்டு வந்துடணும். மேல ஏறி வந்து துவட்டிக்கிடுவானாம். என் வீட்டம்மாவும் ஒண்ணு வச்சா. நான் தள்ளி நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் ஒரு பொம்பளை வந்தா. பேரு மாடத்தி. மலையடிவாரத்துல ஏதோ ஒரு ஊரு, அதுக்கு முன்னால எங்களுக்கு முன்னப்பின்ன தெரியாது. மூத்த பிள்ளை கிணத்துல போயி ரெண்டு வருஷம் ஆகலை, இளையவன் குளத்துல போயிட்டான். ரெண்டும் மீன் மாதிரி நீந்துற பிள்ளைகளாம். துண்டை வச்சுட்டு அந்தக் கல்லைப் பாத்து, "இன்னும் எத்தனை துண்டுடா கேப்ப?"ன்னு கேட்டா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி. பக்தியில இல்ல. ஒரு ஆராய்ச்சிக்காரன் வாழ்க்கையில ஒரே தடவை கிடைக்கிற குடும்பம் அது. அங்கேயே, அந்த மரத்தடியிலேயே விலாசம் வாங்கிட்டேன்.

அப்படித்தான் ஆரம்பிச்சது எல்லாம். அந்தக் குடும்பத்துல இருந்த அத்தனை பேர்கிட்டயும் ரத்தம் எடுத்தோம். ரத்தத்தை மட்டும் எடுத்தா ஆச்சா? ஒப்பிட்டுப் பாக்க நோயில்லாத ஆள் ரத்தம் வேணும். கன்ட்ரோல்னு சொல்லுவோம். அதுவும் எங்கேயோ இருக்கிற ஆள் ரத்தம் ஆகாது. அதே சமூகம், அதே வட்டாரமா இருக்கணும், அதுதான் முறை. யாரைப் போய்த் தேடுறது? சட்டைக் கையை மடிச்சேன், குத்துப்பான்னேன். எல்லா லேப்லயும் நடக்கிறதுதான் இது. கைக்கு எட்டுன நார்மல் ஆள் நாமதான. குப்பி மேல 'நார்மல் ஒண்ணு'ன்னு எழுதி ஒட்டினாங்க. அந்த நார்மல் ஒண்ணு நான்தான்.

ரொம்ப நாள் கழிச்சு, ஜீனை எழுத்து எழுத்தாப் படிக்கிற வசதி வந்ததும் பாத்தோம். அந்தக் குடும்பத்துல, சார்ஜ் ஏத்துற ஜீன்லயே, ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. லேப்ல எல்லாரும் கை தட்டினோம். அப்புறம் நார்மல் ஒண்ணைப் பாத்தா, அதுலயும் அதே எழுத்து மாறியிருக்கு. சப்புன்னு போயிடுச்சு. ஆனா நான் ஒரு நிமிஷம் தயங்கலை. நார்மல் ஆள்கிட்ட இருக்கிறது எப்படி நோயா இருக்க முடியும்? பச்சைப் பிள்ளைக்கும் புரியும். இது எங்க சமூகத்துல சாதாரணமா இருக்கிற ஒரு மாற்றம், சாவுக்குக் காரணம் வேற எங்கேயோ இருக்குன்னு எழுதினேன். அந்தக் கட்டுரை என்னை எந்தெந்த நாட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போச்சு தெரியுமா? வேற எங்கேன்னு தேடுறதுக்காகவே எனக்குப் புது லேப் கட்டிக் கொடுத்தாங்க. தேடினோம். சும்மா சொல்லக் கூடாது, நல்லாத் தேடினோம்.

கிடைச்சுதான்னா, கிடைக்கலை. ஆராய்ச்சின்னா அப்படித்தான். மாடத்தியோட மக வயித்துப் பேரன் உச்சிமாகாளின்னு ஒரு பையன், ஒரு தடவை லேபுக்கே வந்து நின்னான். "ஐயா, நான் தண்ணியில இறங்கலாமா?"ன்னு கேட்டான். நோய்க்கு ஆதாரம்னு உன் ரத்தத்துல நாங்க எதையும் பாக்கலைப்பான்னு சொன்னேன். அது உண்மை. நான் பொய் சொல்ற ஆள் இல்ல. அந்த வருஷம் குளம் பெருகினப்ப அவனும் போயிட்டான். அடுத்த தடவை ரத்தம் எடுக்கப் போனா மாடத்தி கையை நீட்ட மாட்டேன்னு சேலைக்குள்ள வச்சுக்கிட்டா. எவ்வளவு அலைஞ்சிருப்பேன் அவங்களுக்காக, எத்தனை மேடையில அவங்க கஷ்டத்தைப் பேசியிருப்பேன். மனசு விட்டுப்போச்சு எனக்கு.

பாருங்க, மறுபடி போன். செண்பகவல்லிதான். அடிக்கட்டும்.

அந்த நேரத்துலதான் இவ என்கிட்ட ஆராய்ச்சி பண்ண வந்து சேர்ந்தா. கோவில்பட்டிப் பக்கம். நல்ல புத்திசாலி, அதை நான் மறைக்கலை. ஆனா எடுத்த எடுப்புலேயே என் பழைய கட்டுரையை நோண்ட ஆரம்பிச்சுட்டா. ஒரு நாள் என் ரூமுக்கு வந்து நின்னுக்கிட்டு, "சார், நார்மல் ஒண்ணுக்கு ஈசிஜி எடுத்திருக்கா?"ன்னா.

"நார்மல் ஒண்ணு நான்தாம்மா"ன்னு சிரிச்சேன்.

"தெரியும் சார். அதான் கேக்கேன்."

அப்புறம் பாடம் நடத்துனா தம்பி, எனக்கு. அந்த எழுத்து மாறின எல்லாரும் விழ மாட்டாங்களாம். சில பேரு அதைச் சுமந்துக்கிட்டே கிழவனாயிருவாங்களாம், ஓடாம, நீந்தாம இருந்தா. ஆனா அவங்க பிள்ளைகளுக்கு அது இறங்கும், பேரப் பிள்ளைகளுக்கு இறங்கும். ஒரு ஈசிஜி பாத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும், தினம் ஒரு சின்ன மாத்திரை, தண்ணிக்குள்ள இறங்காம இருந்தா போதும், பிழைச்சுக்கிடலாம்னா. எனக்கே தெரியாதா இது? நான் கிளாஸ்ல சொல்லிக் கொடுத்ததைத்தான் எனக்கே திருப்பிச் சொல்றா. கடைசியில, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"ன்னு கேட்டா. தெரியாதுன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அதோட விட்டாளா? மாடத்தி குடும்பத்தை நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்கிற கதையை வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். அதைப் பிடிச்சுக்கிட்டா. "சாஸ்தாவை ஆயிரம் குடும்பம் கும்பிடும் சார். அந்தக் கிணத்தடியானுக்குத் துண்டு வைக்கிறது யாரு யாரு?"ன்னா. எனக்குத் தெரிஞ்சு நாங்களும் மாடத்தி வீட்டாளுங்களும்தான்னேன்.

"அப்ப பங்காளி சார் நீங்க. தண்ணியில போன அந்தப் பையன் உங்க ரெண்டு குடும்பத்துக்கும் பொதுவான முன்னோர் வீட்டுப் பிள்ளை. வெளி ரத்தத்தோட ஒப்பிடலை நீங்க. ஒரே ரத்தத்தை ரெண்டு குப்பியில ஊத்தி ஒப்பிட்டிருக்கீங்க."

கல்லுல துண்டு வைக்கிறதை ஆதாரம்னு கொண்டு வர்றவளுக்கு டாக்டர் பட்டமா? எந்த மூடநம்பிக்கையை ஒழிக்கணும்னு நான் படிக்க வந்தேனோ, அதையே என் லேபுக்குள்ள கொண்டு வந்து என் மேசையில வைக்கிறா. வெளியே போன்னேன். தீசிஸ்ல கையெழுத்துப் போடலை. அழுதா. அப்பவும் தன் படிப்புக்கு அழலை பாருங்க, "உங்க மகளுக்காவது ஈசிஜி எடுங்க சார்"ன்னு அழுதா. என்ன நடிப்புங்கிறீங்க. கோமதிக்குச் சின்னப் பிள்ளையில ஓடிப் பிடிச்சு விளையாடும்போது வலிப்பு வரும், அதை எவனோ லேப்ல இவகிட்ட சொல்லியிருக்கான். வலிப்புன்னா வலிப்பு மாத்திரை, கொடுத்தோம். பெரியவளானதும் ஓட்டத்தை விட்டா, சரியாப் போச்சு.

இப்ப வேற ஏதோ மாநிலத்துல பெரிய இடத்துல இருக்கா. இதயத்து செல்லைக் கண்ணாடித் தட்டுல வளர்த்து, அந்த எழுத்தை மாத்தி வச்சு, சார்ஜ் ஏற லேட்டாகுதுன்னு காட்டியிருக்கா. அதைப் பாத்துட்டு, என் கட்டுரையைப் போட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரங்க எனக்கு எழுதுறாங்க, உங்க ஆய்வுல கன்ட்ரோலா இருந்தவரோட உடல்நிலை விவரம் வேணும்னு. என்ன விவரம்? இதோ உட்கார்ந்திருக்கேன். அறுபத்தெட்டு முடிஞ்சாச்சு. சோறு இறங்குது, தூக்கம் வருது. என்னைவிட நார்மலா ஒருத்தனைக் காட்டச் சொல்லுங்க. பதில் போடலை நான்.

போன மாசம் நடந்ததைக் கேளுங்க, உங்களுக்கே சிரிப்பு வரும். பிராக்டிஸ்ல நீந்திக்கிட்டே வந்த இலக்கியா நடுவுல கையை நிறுத்திட்டா. அப்படியே கவிழ்ந்து மிதந்திருக்கா. கோச் குதிச்சுத் தூக்கிட்டு வந்து படுக்க வச்சு நெஞ்சுல ரெண்டு அமுக்கு அமுக்கியிருக்காரு, கண்ணை முழிச்சுட்டா. காலையில சாப்பிடாமப் போயிருக்கா, அதான். நான்தான் சொல்றேனே, எங்க குடும்பத்துக்கே பசி தாங்காது. இந்தக் கோச் என்னடான்னா, இதய டெஸ்ட் எடுத்து டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தாத்தான் இறக்குவேன்னுட்டாரு. அதே வாரம் பேப்பர்ல பிள்ளை போட்டோ வந்தது, மாவட்டத்துல ஜெயிச்சதுக்கு. அதைப் பாத்துட்டு இந்தச் செண்பகவல்லி கோமதிக்குப் போன் பண்ணிட்டா. கோமதி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரு ஈசிஜிதானப்பா, எடுத்துட்டா என்னப்பா"ங்கிறா.

எடுத்துட்டா என்னவா? நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. நான் எந்திரிச்சுப் போய் என் பேத்தியை அந்த மெஷின்ல படுக்க வச்சா என்ன அர்த்தம்? எனக்கே என் மேல சந்தேகம்னுதான அர்த்தம். செண்பகவல்லி சொன்னது சரி, நான் முப்பது வருஷம் எழுதினது தப்புன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகாதா? அவளுக்கு வேண்டியதே அதுதான். கோமதி போன்ல அவ நம்பரை நானே பிளாக் பண்ணிவிட்டேன். இன்னிக்குக் கோமதி வரலை, பயமாருக்குன்னு வீட்டுல உட்கார்ந்திருக்கா. படிச்ச பிள்ளை, ஒரு போனுக்கே இப்படி ஆயிட்டா.

சர்டிபிகேட்டா? அது கொடுத்தாச்சு. இல்லாம இறக்குவாங்களா? எனக்கு வேண்டிய டாக்டர் ஒருத்தர் இருக்காரு. போன்ல பேசினேன். இதய ஆராய்ச்சியிலயே வாழ்நாளைக் கழிச்சவர் வீட்டுப் பிள்ளைக்கு நான் என்ன டெஸ்ட் எடுக்கப் போறேன் சார்னு சிரிச்சாரு. நல்ல உடல்நிலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆள்கிட்டக் கொடுத்து விட்டுட்டாரு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போற அலைச்சல்கூட இல்ல. கோச் வாங்கிப் பாத்தாரு, பைல்ல வச்சுக்கிட்டாரு.

இப்ப மெசேஜ் வேற அனுப்புறா. இந்தாங்க, நீங்களே படிங்க. 'சார், இன்னிக்கு மட்டும் அவளை இறக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்.' பாத்தீங்களா? இதுதான் காலையில இருந்து. ஜெயிக்கப் போற நேரத்துல பிள்ளை மனசைக் கலைக்கணும், அதான் எண்ணம். வயித்தெரிச்சல் ஒரு மனுஷியை எங்க கொண்டுபோய் நிறுத்துது பாருங்க.

போனைக் கொடுங்க தம்பி. ஏன் அவளுக்குப் போடுறீங்க? கொடுங்கன்னா.

அட, கூப்பிட்டுட்டாங்க. அவ ரேஸ்தான். அந்தா வர்றா, மஞ்சத் தொப்பி, நாலாவது லேன். என்னைத் தேடுறா பாருங்க. இலக்கியா. இங்க, இங்க. துண்டைக் காட்டுறேன், அப்பத்தான் தெரியும் அவளுக்கு. பாத்துட்டா. சிரிக்கிறா. எங்க அண்ணன் மாதிரியே சிரிப்பு, அந்தப் பல்லு, அந்தக் கன்னத்துக் குழி, அப்படியே இறங்கியிருக்கு.

என்ன தம்பி எந்திரிச்சிட்டீங்க? உங்க பையன் ரேஸ் இன்னும் வரலையே. அந்தக் கம்பி மேல ஏன் ஏறுறீங்க? வழி இந்தப் பக்கம். தம்பி, செருப்போட அங்க விடமாட்டாங்கன்னு சொன்னேன்ல. கத்தாதீங்க தம்பி, பிள்ளைங்க ஏறி நின்னாச்சு, இப்ப ஹாரன் அடிச்சிருவான். ஒதுங்குங்க தம்பி. நீங்க மறைக்கிறீங்க, எனக்குப் பிள்ளை தெரியலை.